வாலிபர் மனநலமும் வசூல் ஓட்டங்களும்

செப்டம்பர் 10 ஆம் தேதி உலகத் தற்கொலைத் தடுப்பு தினம். அக்டோபர் 10 ஆம் தேதி உலக மனநல தினம். இவ்விரு தினங்களை ஒட்டி நமது பட்டணங்களில் ஓட்டங்களும், நடைப் பயணங்களும், சைக்கிள் ஊர்வலங்களும், கச்சேரிகளும் நடைபெறுவது வழக்கமாகிவிட்டது. வாலிபரின் மனநலத்துக்காக நிதி திரட்டுவதே நோக்கம் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கடற்கரைச் சாலையில் கூட்டங் கூட்டமாக ஒரே நிற டி-ஷர்ட் அணிந்து ஓடுவோரைக் கண்டு, 'இவர்கள் ஓடினால் எவனுடைய மனக்கவலை தீரும்?' என்று பரிகசிப்போர் நம்மவரில் பலர். ஓடி முடித்துப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டவுடன் தேசத்துக்குரிய கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணி வீடு திரும்புவோரும் பலர். இவ்விரு சாராரும் விஷயத்தைச் சரிவர உணரவில்லை என்பது நமது அபிப்பிராயம். இத்தகைய நிகழ்ச்சிகளில் வாலிபரும் முதியோரும் தாராளமாகக் கலந்துகொள்ள வேண்டுமென்றே நாம் சொல்வோம். ஆனால் எப்படிக் கலந்துகொள்வது, கொடுத்த பணத்துக்கு என்ன கணக்குக் கேட்பது என்பவை பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டம் கூட்டி, வேடிக்கை காட்டிப் பணம் சேர்ப்பது மேனாட்டார் வழக்கமென்றும் நமக்கு ஒவ்வாதென்றும் சிலர் கருதுகின்றனர். இவர்கள் நமது தேசிய இயக்கத்தின் சரித்திரத்தை மறந்தவர்கள். 1921 ஆம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் பெஜவாடாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஜூன் 30 ஆம் தேதிக்குள் ஒரு கோடி ரூபாய் சேர்ப்பதென்று தீர்மானித்தது. குறித்த தேதிக்குள் அது சேர்ந்தது. 1933-34 இல் ஹரிஜன யாத்திரை செய்த மகாத்மா காந்தி, தம் கையெழுத்தை விரும்பியவர்களிடம் ஐந்து ரூபாய் கேட்டு வாங்கி நிதியில் சேர்த்தார். தமக்கு அளித்த வரவேற்புப் பத்திரங்களையும் பரிசுகளையும் மேடையிலேயே ஏலம் போட்டார். 1944 இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மி கச்சேரிகள் செய்து பணம் திரட்டிக் கொடுத்தார். உற்சாகத்தைப் பணமாக்கி, பணத்தைத் தொண்டாக்குவது நமக்குப் புதிதன்று. கச்சேரிக்குப் பதிலாக ஓட்டம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிற்க. மற்றெந்தத் தருமத்தையும்விட வாலிபர் மனநலத்துக்கு இப்படிப் பலர் பார்க்கும்படியான நிகழ்ச்சி அதிகப் பிரயோஜனமுள்ளது என்பதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மகனுக்குக் காமாலை என்றால் ஊரெல்லாம் சொல்லி மருந்து விசாரிக்கிற தகப்பனார், அதே மகன் மூன்று மாதமாகத் தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, ஒருவரோடும் பேசவில்லை என்றால் வாயைத் திறப்பதில்லை. பெண்ணாயிருந்தால் கேட்கவே வேண்டாம். கல்யாணம் தடைப்படுமென்ற பயம் ஒன்றே எல்லார் வாயையும் அடைத்துவிடுகிறது. இந்த வெட்கத்தின் விலை என்னவென்பதை நமது மாகாணம் ஒரு முறை கண்கூடாகக் கண்டது. 2001 ஆகஸ்டு 6 ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனோவியாதியஸ்தர் 28 பேர் ஓடித் தப்ப வழியின்றி மாண்டனர். அவர்களும் ஒரு காலத்தில் வாலிபராக இருந்தவர்களே. வியாதி தொடங்கிய நாளில் அவர்களுடைய குடும்பத்தார் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்?

உலகத்தில் காணப்படும் மனோவியாதிகளில் சரிபாதி 14 வயதுக்குள்ளாகவே தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அந்த வயதில் பையன் சொல்லத் தெரியாமல் சொல்வதை அலட்சியமின்றிக் கேட்கிற பழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் ஏற்பட வேண்டுமானால், முதலில் அந்தப் பேச்சு வீதிக்கு வந்தாக வேண்டும். தெருவில் தன் வாத்தியாரும், பக்கத்து வீட்டு பாங்கு குமாஸ்தாவும், பஸ் கண்டக்டரும் மனநலம் என்ற எழுத்துக்களை மார்பில் தாங்கி ஓடுவதைப் பார்க்கிற ஒரு பையன், 'இவர்களிடம் சொன்னால் சிரிக்கமாட்டார்கள்' என்று நினைக்க இடமுண்டு. ரூபாய்க் கணக்கில் வராத இந்த லாபத்தைப் பரிகசிப்போர் காண்பதில்லை.

நம்மை ஆண்ட ஆங்கிலேயரிடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது ஏதேனும் இருந்தால் அதைக் கற்பதில் நமக்கு மானக்குறைவில்லை. 2017 ஏப்ரலில் நடந்த லண்டன் மாராத்தான் ஓட்டம், அவ்வருஷத்திய தருமமாக மனநலத்தையே தேர்ந்துகொண்டது. அதே மாதத்தில் இளவரசர் ஹாரி, தமது 12 ஆம் வயதில் தாயாரை இழந்த துக்கத்தை வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்து, பிறகு ஆலோசகரின் உதவியை நாடியதைப் பகிரங்கமாகச் சொன்னார். ராஜகுடும்பத்தைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் நேயர்கள் அறிந்ததே. ஆயினும் அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனையோ சாதாரண வாலிபர் தங்கள் வீட்டில் வாய் திறந்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நமது சினிமா நடிகர்களும், கிரிக்கெட் வீரர்களும், சட்டசபை அங்கத்தினர்களும் கொடியசைத்து ஓட்டத்தைத் துவக்கி வைத்துவிட்டு மோட்டாரில் ஏறிப் போகிறார்கள். அவர்களில் ஒருவராவது தமக்கு வந்த மனத்துன்பத்தைப் பற்றி அரை நிமிஷம் பேசுவாராயின், அந்தக் கொடியைவிட அது பெரிய உபகாரமாகும்.

தேவையின் அளவு எவ்வளவு? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல் ஆகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16 இல் 12 மாகாணங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனோவியாதியால் வருந்துவதாகக் கண்டது. சிகிச்சை தேவைப்படுவோரில், வியாதிக்குத் தக்கபடி, நூற்றுக்கு 70 பேர் முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றியே இருப்பதாகவும் அதே ஆய்வு கூறிற்று. மனோ வைத்தியர்களோ லட்சம் ஜனங்களுக்கு ஒருவர்கூட இல்லை. இருக்கிற சிலரும் பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். கீழத் திருத்துறைப்பூண்டியிலோ மேலத் தருமபுரியிலோ உள்ள ஒரு பையன் யாரிடம் போவான்?

இந்த இடத்தில்தான் வசூல் பணத்தின் உபயோகம் என்ன என்ற கேள்வி எழுகிறது. தருமம் செய்வோர் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியும் பொருளை விரும்புகிறார்கள். கட்டடம் கட்டினால் கல்வெட்டில் பெயர் இருக்கும். ஆம்புலன்ஸ் வாங்கினால் அதன் பக்கவாட்டில் பெயர் எழுதலாம். மனநலத் தொண்டுக்கு அப்படிக் காட்டத்தக்க பொருள் ஒன்றுமில்லை. சாகாமலிருந்த ஒரு பையனைப் படம் பிடித்துப் போட முடியாது, போடவும் கூடாது. இத்தொண்டுக்கு வேண்டியவை ஒரு சிறு அறை, சில டெலிபோன்கள், அவற்றின் பக்கத்தில் இரவிலும் பகலிலும் முறை வைத்து உட்காரும் மனிதர்கள், அம்மனிதர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓரிருவர் ஆகியவைதாம். செலவில் பெரும்பகுதி சம்பளமும் வாடகையுமாகவே இருக்கும். 'நிர்வாகச் செலவுக்குப் பணம் தரமாட்டோம்' என்று கண்டிப்புப் பேசும் தனவந்தர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். இங்கே நிர்வாகச் செலவென்று அவர்கள் தள்ளுவதுதான் தொண்டே.

சாதாரண மனிதன் பொறுமையாகக் கேட்பதற்கு எவ்வளவு சக்தி உண்டென்பது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1953 இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை விட நினைப்போர் தம்மிடம் வந்து பேசலாம், டெலிபோனில் கூப்பிடலாம் என்று அறிவித்தார். வந்தவர்கள் வெளி அறையில் காத்திருக்கையில் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்களை வைத்திருந்தார். வந்தவர்களில் பலர் அத்தொண்டர்களிடம் பேசியே மனம் தேறி, பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியமின்றித் திரும்பிப் போவதை அவர் கவனித்தார். மறு வருஷமே அந்த வேலையைத் தொண்டர்கள் கையில் ஒப்படைத்தார். ஸமாரிடன்ஸ் என்ற ஸ்தாபனம் இப்படி வளர்ந்ததே. சென்னையில் 1986 இல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேஹா ஸ்தாபனமும் இதே வழியில் தொண்டர்களைக் கொண்டே நடைபெறுகிறது. 2022 அக்டோபர் 10 முதல் இந்திய சர்க்கார் டெலி-மானஸ் என்ற பெயரில் 14416 என்ற இலவச டெலிபோன் சேவையை ஏற்படுத்தியிருக்கிறது, தமிழிலும் பேசலாம். ஓட்டத்துக்கு வரும் ஒவ்வொரு வாலிபனும் இந்த ஐந்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாலே ஒரு காரியம் ஆனதாகும். டி-ஷர்ட்டின் முதுகில் உபயதாரரின் முத்திரையைப் பெரிதாக அச்சிடுகிறவர்கள், இந்த எண்ணையும் அதே அளவில் அச்சிடுவதற்கு என்ன தடை என்பது நமக்கு விளங்கவில்லை.

இனிக் கணக்கு விஷயம். ஓட்டத்துக்குக் கட்டும் நுழைவுக் கட்டணமே தருமமென்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டணத்திலிருந்துதான் டி-ஷர்ட், பதக்கம், நேரம் கணக்கிடும் கருவி, தண்ணீர்ப் பந்தல், மேடை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் செலவாகிறது. மீதி எவ்வளவு, அது எந்த ஸ்தாபனத்துக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பத்திரிகை மூலமாகப் பிரசுரிக்கும் அமைப்பாளர்களும் இருக்கிறார்கள். மேடையில் அட்டையில் எழுதிய பெரிய காசோலையைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டதோடு நிறுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்களைக் கேள்வி கேட்பது தருமத்துக்கு விரோதமென்று நமது ஜனங்கள் கூச்சப்படுகிறார்கள். காந்தியடிகள் கூசவில்லை. 1894 இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸை ஸ்தாபித்த நாளிலிருந்தே ஒவ்வொரு பைசாவுக்கும் ரசீது கொடுத்துக் கணக்கு எழுதி வந்ததாகவும், அவ்வருஷத்துக் கணக்குப் புஸ்தகங்கள் பல காலத்துக்குப் பின்னும் அப்படியே கிடைக்கக்கூடுமென்றும் தமது சுயசரிதத்தில் பெருமையுடன் குறிப்பிட்டிருக்கிறார்.

அதே புஸ்தகத்தில் வசூல் பற்றி ரஸமான சம்பவம் ஒன்றும் இருக்கிறது. டோங்காட் என்ற ஊரில் ஒரு வியாபாரி ஆறு பவுன் கொடுப்பாரென எதிர்பார்த்துப் போனார்கள். அவர் மூன்று பவுனுக்கு மேல் அசையவில்லை. வசூலுக்குப் போனவர்களுக்கோ நல்ல பசி. ஆனால் பணம் கொடுக்காதவர் வீட்டில் சாப்பிடுவதில்லை என்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது விடியும் சமயத்தில் அவர் இணங்கி ஆறு பவுனையும் கொடுத்து விருந்தும் வைத்தார். அவர் குறைத்துக் கொடுத்தால் மற்றவர்களும் குறைப்பார்களே என்பதுதான் அவர்கள் கவலை. பணம் கேட்பதில் இத்தகைய பிடிவாதமும், வாங்கிய பிறகு கணக்குக் காட்டுவதில் அத்தகைய கண்டிப்பும் ஒருங்கே இருந்தபடியால்தான் அந்த ஸ்தாபனத்தை ஜனங்கள் நம்பினார்கள். பொது ஸ்தாபனங்கள் பெரிய மூலதனத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வட்டியில் காலந்தள்ளக் கூடாது, வருஷந்தோறும் ஜனங்கள் தரும் சந்தாவிலேயே ஜீவிக்க வேண்டும் என்பதும் காந்தியடிகளின் கொள்கை. ஒரே நாளில் 2,000 ரூபாய் கட்டி ஓடுவதைவிட, மாதம் 100 ரூபாய் வீதம் வருஷம் முழுவதும் தவறாமல் அனுப்புவது ஒரு டெலிபோன் அறைக்கு மிக உபயோகமானது. வாடகை மாதந்தோறும் கட்ட வேண்டியதல்லவா?

நிதியளிக்கும் கம்பெனிகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2013 ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கு சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென்று விதிக்கிறது. அப்பணத்தைக் கொடுப்பது சட்டத்துக்குக் கீழ்ப்படிவதாகும். அதற்காக மேடையில் மாலை போட வேண்டிய அவசியமில்லை. தம் சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்து ஓடுகிற குமாஸ்தாவுக்குத்தான் அந்த மாலை உரியது.

கம்பெனிகளையாவது மன்னிக்கலாம். சில பள்ளிக்கூடங்களின் போக்கு நமக்கு வியப்பைத் தருகிறது. மாணவர்களை வெயிலில் நடத்தி, உண்டியல் ஏந்தச் செய்து, மனநலத்துக்காக நிதி திரட்டும் பள்ளிக்கூடத்திலேயே மனநல ஆலோசகர் ஒருவரும் இருப்பதில்லை. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட கல்வி ஸ்தாபனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது ஏற்படுத்திக்கொள்ள வேண்டுமென்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டும் உத்தரவு பிறப்பித்திருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஸ்தாபனங்கள் தாங்கள் செய்ய வேண்டிய செலவை ஜனங்களின் உண்டியலிலிருந்து செய்துகொள்ள அனுமதிக்கலாகாது. பெற்றோர் சங்கங்கள் உண்டியலில் காசு போடுமுன் தலைமை ஆசிரியரை இக்கேள்வி கேட்கட்டும்.

சர்க்காரின் பொறுப்பும் இதனால் குறைந்துவிடவில்லை. 2017 ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் நடத்தும் அல்லது பணம் கொடுத்து நடத்துவிக்கும் மனநல சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமையென்று சொல்லிவிட்டது. உயிரை விட முயன்றவரைக் குற்றவாளியாக நடத்திய பழைய கொடுமைக்கும் அச்சட்டமே பெரிய தடை போட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் பழைய 309 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அன்னியர் எழுதிவைத்த அந்தப் பிரிவை நீக்க நமக்கு விடுதலைக்குப் பின்னும் இத்தனை காலம் பிடித்தது! உரிமை என்று எழுதியானபின் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் வைத்தியரும், மருந்தும், ஆலோசகரும் இருக்கிறார்களா என்று கேட்பது ஜனப் பிரதிநிதிகளின் வேலை. வசூல் ஓட்டத்தைக் கொடியசைத்துத் துவக்கும் சட்டசபை அங்கத்தினரிடம் அன்றே, அந்த மேடையிலேயே, அவர் தொகுதி ஆஸ்பத்திரியின் நிலைமையைப் பற்றி விசாரிப்பது மரியாதைக் குறைவாகாது.

மேற்படி சட்டம் மற்றொரு பாதுகாப்பையும் அளிக்கிறது: சிகிச்சை பெறுவோரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றிப் பத்திரிகைகளுக்கு வெளியிடக் கூடாது. பணம் அதிகம் சேர வேண்டுமென்ற ஆவலில், துன்பப்பட்ட வாலிபர்களை மேடையேற்றி அழ வைக்கும் சில அமைப்பாளர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தானே முன்வந்து பேசுகிறவனின் தைரியத்தை நாம் போற்றுகிறோம். உதவி பெற்றோமே என்ற கட்டாயத்தால் பேசுகிறவன் நிலை வேறு.

கடைசியாக, ஓடுகிறவர்களின் சொந்த வீட்டைப் பற்றியும் பேசாமலிருக்க முடியவில்லை. நமது மாகாணத்தில் 10, 12 ஆம் வகுப்புப் பரீக்ஷையில் தவறினவர்கள் ஒரு வருஷம் வீணாகக் காத்திராமல், சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுத இடமளிக்கப்பட்டிருக்கிறது. முதல், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கமும் 2017 இல் நிறுத்தப்பட்டது. இவை நல்ல சீர்திருத்தங்கள். மனநலத்துக்குச் செலவில்லாத சிகிச்சை என்றே சொல்லலாம். ஆனால் சர்க்கார் நிறுத்தியதைப் பள்ளிக்கூடங்கள் பிளெக்ஸ் பலகை வைத்துத் தொடர்கின்றன. பள்ளிக்கூடங்கள் விட்டதை உறவினர்கள் டெலிபோனில் தொடர்கிறார்கள். 'எத்தனை மார்க்கு?' என்று முடிவு வந்த அரை மணிக்குள் கேட்கும் மாமாவும் சித்தப்பாவும் மனநல ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவராகவே இருக்கக்கூடும். அவர் அந்த ஒரு வாரம் கேள்வி கேட்காமலிருந்தால் போதும்.

பொதுத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. வைத்தியக் கல்லூரி நுழைவுத் தேர்வின் முடிவு அதையடுத்து வருகிறது. ஓட்டங்களோ செப்டம்பர், அக்டோபரில் நடக்கின்றன. நடுவில் ஏழெட்டு மாத அவகாசமிருக்கிறது. தொண்டர்களைத் தேர்ந்தெடுக்கவும், அவர்களுக்குக் கேட்கும் முறையைக் கற்றுக்கொடுக்கவும், அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கவும் இந்த அவகாசம் சரியாகவே இருக்கும். ஆகவே அமைப்பாளர்கள், அடுத்த ஓட்டத்தில் கோடு தாண்டி வருவோருக்குப் பதக்கம் கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே மற்றொரு மேஜை போட்டு, தொண்டராக விரும்புவோரின் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வாரத்துக்கு ஒரு நாள், நான்கு மணி நேரம் போதும். ஊர்க் காங்கிரஸ் ஊழியர்களும், வாலிபர் சங்கத்தாரும், படிப்பகக் காரியதரிசிகளும் முதலில் பெயர் கொடுக்கட்டும். மே மாதத்து இரவுகளில் மதுரையிலும், நெல்லையிலும், சேலத்திலும் டெலிபோன் மணி அடிக்கும்போது எடுத்துப் பேச ஆள் இருக்க வேண்டும்.